கோலின் இருதலை

மெய்யன்பர்களாகிய சைவ ஆசிரியர்களே!

தில்லையிலே வேட்கோவர் குலத்துத் தோன்றிய திருநீலகண்ட நாயனாருடைய சரித்திரத்தை மாணாக்கருக்குப் போதித்து வருகின்றோம். பரத்தைபாற் சென்று மீண்ட கணவரை, எம்மைத் தீண்டற்க என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தடுத்தார் மனைவியார். நாயனார் அவ்வாணையை இளமை தொட்டு முதுமைகாறும் காத்து, அவரோடு ஒரே மனையில் வாழ்ந்தார். பின்னர்ச் சிவயோகியாராய் வந்த பெருமான், மனைவியின் கைபற்றிக் குளத்தில் மூழ்குக என்றபோது, இருவரும் ஒரு மூங்கிற்கோலின் இருதலையையும் பற்றி நீரில் இறங்கினர். யோகியார் மேலும் வற்புறுத்தவே, நாயனார் அதுகாறும் மறைத்த உண்மையை யாவரும் கேட்க உரைத்து மூழ்கினார்.

இதன்கண் யாம் கொள்ளத்தக்கன மூன்று. மனைவியின் உடம்பின்மேல் மனைவியின் சொல்லே ஆணை. கணவன் கோலின் மறுதலையை விடுதலாகாது. உண்மை வெளிப்பட்ட பின்னரே உய்தி கிடைத்தது. இவற்றை யான் ஏட்டிற் கற்றேன், வீட்டிற் கற்றிலேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மனையாளின் மார்பிலே ஒரு கட்டி தோன்றிற்று. மடுல்சீமை மலையினின்று பசறை வழியாக இறங்கிப் பரிசோதனை செய்வித்தோம். முடிவுத்தாள் ஆங்கிலத்தில் வந்தது. மிஷன் பாடசாலையிற் கற்ற ஆங்கிலத்தால் புற்றுநோய் என்று வாசித்தேன். சாதாரணக் கட்டி என்று அவளிடம் சொன்னேன். அவள் அஞ்சுவாள் என்பது சாக்கு, அஞ்சியவன் யானே.

வைத்தியர் இரண்டு வழி கூறினார். ஒன்று, சத்திரசிகிச்சையால் மார்பு முழுவதையும் அகற்றல். மற்றையது, கட்டியையும் அதனைச் சூழ்ந்த சிறிது தசையையும் அகற்றிப் பின்னர்ப் பல வாரம் கதிர்ச்சிகிச்சை பெறல். தொடக்க நிலையிற் கண்ட நோய்க்கு இவ்விரண்டும் ஆயுளைப் பொறுத்தமட்டில் ஒத்தனவே. அமெரிக்க வைத்தியர் பேர்ணாட் ஃபிஷரும் துணைவரும் 1,851 பெண்களை ஆராய்ந்து, 20 ஆண்டு நோக்கியதன் முடிவை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கட்டியை மாத்திரம் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை பெறாதவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேருக்கும், அதனைப் பெற்றவருள் 14 பேருக்கும் அம்மார்பிலேயே நோய் மீண்டது. ஆதலின் இரண்டாம் வழியைத் தேர்பவர் கதிர்ச்சிகிச்சையைக் கைவிடலாகாது. தூரத்து நகரிலே பல வாரம் தங்குதலோ தோட்டத்தாருக்கு எளிதன்று.

யான் அவளைக் கேளாமலே முதலாம் வழியைத் தீர்மானித்துச் சம்மதப் பத்திரத்தை முன்வைத்தேன். அவள் பேனாவை எடுத்திலள். "ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்தீர்கள், என் உடம்பைப்பற்றி எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டலாகாதா?" என்றாள்.

அன்றிரவு அனைத்தையும் வாசித்தேன். அழுதாள், பின்னர் வினாவினாள். அவ்வினாக்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் கொண்டுசென்றோம். அவள் கேட்டாள், யான் மொழிபெயர்த்தேன். ஈற்றில் அவளும் முழுவதையும் அகற்றும் வழியையே தேர்ந்தாள். முடிவு ஒன்றே. எனினும் என் வாயினின்று வந்தபோது அது தண்டனை. அவள் வாயினின்று வந்தபோது அது துணிவு. மருந்தேற்றிக் கூந்தல் உதிர்ந்து உணவு வெறுத்த நாட்களில் அத்துணிவே அவளைத் தாங்கிற்று.

திருவள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்திலே நோயாளி, வைத்தியர், மருந்து, பணிவிடை செய்பவர் என மருத்துவத்தை நாற்கூறாக்கினார். கணவன் அவற்றுள் நான்காமவன், முதல்வனல்லன்.

நேர்த்திக்கடன் ஒன்றே போதும் என்பாரும் உளர். திருநீறணிந்து வணங்குக, வணக்கத்தைக் காலந்தாழ்த்தற்குச் சாக்காக்கற்க. தாமதத்தினால் இரு வழியுள் ஒன்று அடைபடவுங்கூடும்.

ஆசிரியர்களே! லயங்களிலிருந்து இத்தகைய தாள்கள் நம் கைக்கே வருகின்றன. கணவனைத் தனியே அழைத்து இரகசியம் பேசற்க. தாள் யாருடையதோ அவருக்கே, துணைவர் உடனிருக்க, வாசித்துக் காட்டுக. நோய் எந்நிலையிலுள்ளது, வழிகள் எவை, ஒவ்வொன்றாலும் வரும் நன்மையும் துன்பமும் யாவை, எங்கே எத்தனை நாள் தங்கவேண்டும் என்னும் வினாக்களை எழுதிக் கொடுக்க. விடையை நோயாளியே கூறுக. கூறியபின், அவ்விடை நமக்கு உவந்ததாயினும் அன்றாயினும், கோலின் மறுதலையைப் பற்றிக்கொண்டு உடன் இறங்குக.

திருச்சிற்றம்பலம்.