முதுசொமும் கடமையும்

தான் தேடிய பொருளைத் தன் மறைவுக்குப் பின் இன்னார்க்கு இன்னதென வகுத்து வைத்தல் மனிதனின் உரிமையா, கடமையா? இவ்வினா செல்வர்க்கு மட்டுமே உரியதன்று. வட்டுக்கோட்டையில் எட்டுப் பரப்பு வளவும் ஒரு கிணறும் உடைய கமக்காரனையும் அது விட்டுவைப்பதில்லை.

யாழ்ப்பாணத்தார் இதனை எண்ணாதவரல்லர். ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமை, முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தினைப் பகுத்துக் காட்டுகிறது. மகளின் திருமணத்தின்போதே அவள் பங்கு சீதனமாக எழுதப்பட்டது. பெற்றோர் உயிருடன் இருக்கையிலேயே பங்கீடு தொடங்கிவிடும் வழக்கம் இது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் இவ்வழக்கத்தைப் பலவாறு மாற்றின. எனினும், சீதனம் எழுதும் மரபு நிலைத்தது.

ஆயினும், வழமை எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில்லை. எட்டுப் பரப்புக் காணியை எதுவும் எழுதாமல் ஒரு தந்தை விட்டுச்செல்கிறார் எனக் கொள்வோம். மக்கள் நால்வர்க்கும் பிரிபடாத பங்காக இவ்விரண்டு பரப்பு. அவர்தம் மக்களும் நந்நால்வராயின், பேரர் பதினாறு பேருக்கும் அரைப் பரப்பு வீதமே எஞ்சும். நிலத்தைக் கூறிடலாம், கிணற்றை எவ்வாறு கூறிடுவது? 1983இன் பின் உறவினர் பலர் கடல் கடந்தனர். இன்று ஒரு வேலியைத் திருத்துவதற்கும் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் அற்றோணித் தத்துவம் வரவேண்டியிருக்கிறது. பங்கு வழக்கு நீதிமன்றம் ஏறுங்கால், நிலத்தின் பெறுமதியை உறவின் இழப்பு விஞ்சிவிடுகிறது.

மரணசாதனம் எழுதுதல் அமங்கலம் என அஞ்சுவோர் உளர். எழுதிவிட்டாற் பிள்ளைகள் பேணார் என்பாரும் உளர். முதலாவது வெறும் அச்சமே. இரண்டாவதில் உண்மையுண்டு. வீட்டைச் சீதனமாக எழுதிக்கொடுத்த தாய், அவ்வீட்டின் அடுக்களையிலேயே விருந்தாளியாகும் அவலம் கற்பனையன்று. ஆயின் இதற்கு மருந்தும் உண்டு. உறுதி எழுதும்போதே சீவிய உரித்தினை ஒதுக்கிக்கொள்ளலாம். மரணசாதனமோ, எழுதியவர் உயிரோடிருக்கும்வரை மாற்றத்தக்கது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அன்றேல் ஒருங்கே கூடிய ஐந்து சாட்சிகளும் இருப்பின் போதுமானது.

இவற்றினும் கடினமானது நீதி பற்றிய வினா. நால்வர்க்கும் சமமாகப் பகிர்தலே நீதியா? வெளிநாட்டில் வளமாக வாழும் மகனும், மணம் நீத்துப் பெற்றோரைப் பேணிய மகளும் ஒரே அளவினைப் பெறுதல் சமமாகலாம், நேர்மையாகுமா? சட்டம் தலைகளை எண்ணும். பட்ட பாட்டினை எண்ணாது. பட்ட பாட்டினை அறிந்தவர் பெற்றோரே. அவர் வாய்திறவாது மறைவாராயின், அறியாத சட்டம் அவருக்காகப் பேசும்.

ஆதலின், வகுத்து வைத்தல் உரிமையாகத் தொடங்கிக் கடமையாக முடிகிறது. பங்கின் காரணத்தையும் மக்கள் கேட்க உயிருடன் இருக்கையிலேயே கூறிவிடுதல் அக்கடமையின் பாதியாகும். காரணம் அறிந்த பிள்ளை குறைந்த பங்கினைப் பொறுத்துக்கொள்ளவும் கூடும். அறியாத பிள்ளைக்குச் சமபங்கும் ஐயத்தையே தரும்.