பெடலை மிதித்தவர் மட்டுமா?

காலை ஷிப்ட்டுக்குச் சென்னையை அடுத்த நெமிலிச்சேரியில் புறநகர் ரயில் ஏறுகிறவர்களில் பலர் அம்பத்தூரிலோ பட்டரவாக்கத்திலோ இறங்கித் தொழிற்பேட்டைக்கு நடக்கிறார்கள். சிலர் எதிர்த்திசையில் திருவள்ளூர் போய்க் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குச் செல்கிறார்கள். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் பேட்டையின் சிறு பட்டறைகளில் வாகனங்களுக்கான பாகங்கள் லட்சக்கணக்கில் தயாராகின்றன. அவற்றைத் தகட்டிலிருந்து வெட்டி வளைத்துத் தருவது பவர் பிரஸ். இந்தியாவின் வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் போவதும் பெரும்பாலும் அதே இயந்திரத்தில்தான். அப்படிப் போகும் விரலுக்கு அறத்தின்படி யார் பொறுப்பு?

பிரஸ் ஷாப்பின் வேலை வெளியிலிருந்து பார்க்க எளிது. கீழ் டையில், அதாவது அச்சில், தகட்டை வைக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், மேல் டை இறங்கி ஏறியதும் ஜாபை, அதாவது தயாரான பாகத்தை, எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க இதுதான். பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸில் ஒரு வில்லங்கம் உண்டு. சுழலும் சக்கரத்தோடு தண்டைப் பூட்டும் கீ ஒருமுறை மாட்டிக்கொண்டால் முழுச் சுற்றும் சுற்றித்தான் நிற்கும். கை உள்ளே இருப்பது தெரிந்தாலும் பாதியில் நிறுத்த வழியில்லை. கீ தேய்ந்தாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ மிதிக்காமலே இரண்டாவது அடி விழும். இந்த வகை பிரஸ்ஸில் ஒளித்திரை சென்சார் மாட்டியும் பயனில்லை, ஏனென்றால் சென்சார் நில் என்றாலும் இறங்கும் மேல் டை நிற்காது. டைக்கு முன்னால் கை நுழையாதபடி தடுப்பு வைக்கலாம், அல்லது பாதியில் நிற்கும் நியூமேட்டிக் கிளட்ச் பிரஸ்ஸுக்கு மாறி, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ஓடும்படி செய்யலாம். இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல.

ஆனால் இரண்டு பட்டன் என்றால் ஒவ்வொரு அடிக்கும் ஓரிரு நொடி கூடும். டார்கெட் அந்த நொடிகளைக் கொடுப்பதில்லை. ஆகவே ஒரு பட்டன் டேப்பால் ஒட்டப்படுகிறது, அல்லது ஆப்பு வைத்து அழுத்தப்படுகிறது. சூப்பர்வைசர் பார்க்காமல் இருப்பதில்லை. விபத்து நடந்த பிறகுதான் அந்த டேப்பை எல்லோரும் கண்டுபிடிக்கிறார்கள். தொழிலாளியின் அஜாக்கிரதை என்று அறிக்கை எழுதப்படுகிறது.

இங்கே சட்டமே இரண்டு குரலில் பேசியது. 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பிரிவு 21, ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்றது. தொழிலாளி கவனமாக இருந்தாரா என்று அது கேட்கவில்லை. மனிதன் களைப்பான், கண் அயர்வான், அதனால்தான் தடுப்பு. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியவருக்கு, மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தாலொழிய, முதலாளி இழப்பீடு தரவேண்டியதில்லை என்றது. ஒரு விரல் முழு ஊனம் ஆகாது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுதும் போனால் உழைப்புத் திறனில் 14 சதவீத இழப்பு, சுண்டுவிரல் 7, கட்டைவிரல் 30.

‘வேண்டுமென்றே’ செய்தார் என்று சொல்ல, செய்யாமலிருக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி, வேலை கற்க ஒருநாள், மாட்டேன் என்றால் நாளை அந்த ஸ்டூலில் வேறொருவர். வாகனத் தொழிலில் காயம்பட்டவர்களிடையே பல ஆண்டுகளாகப் பணியாற்றும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பின் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்வது, பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டையே விபத்துக்குப் பிறகுதான் கைக்கு வருகிறது என்பது. இந்த நிலையில் உள்ளவர் ஒட்டிய டேப்பை அவருடைய சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம்.

பட்டறை முதலாளியின் பக்கத்தையும் கேட்க வேண்டும். அவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே பெடலை மிதித்தவர்கள். ஒரு பாகத்துக்கு இத்தனை காசு என்று விலை வைப்பது வாங்கும் நிறுவனம். ஆண்டுதோறும் அதைக் குறைக்கச் சொல்வதும் அதுவே. புதிய பிரஸ் போட்டால் அந்த விலைக்கு ஜாப் ஓடாது என்பது பல நேரம் உண்மை. ஆனால் அடுத்தவர் கையைப் பணயம் வைத்தால்தான் கட்டுப்படியாகும் விலைக்குச் சரி என்று தலையாட்ட அவருக்கு உரிமை இல்லை. தன் லாபத்தை விட்டுக்கொடுக்கலாம், தன் தூக்கத்தை விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுக்கக் கூடாதது எதுவோ அதுதான் இங்கே விலைபோகிறது.

செலவு தாங்காது என்ற வாதத்துக்கு வயது அதிகம். இங்கிலாந்தில் ஆலைகளில் சுழலும் தண்டுகளை மூடச் சொன்னபோது, 1855-இல் ஆலை முதலாளிகள் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். சார்லஸ் டிக்கென்ஸ் நடத்திய இதழ் அந்தச் சங்கத்தைக் கேலிப்பெயர் சூட்டிக் கிழித்தது. ஹாரியட் மார்ட்டினோ என்ற எழுத்தாளரோ முதலாளிகளுக்காக ஒரு சிறுநூலே எழுதினார். மறு ஆண்டு சட்டம் தளர்த்தப்பட்டது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தபோது, இது இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைக்காரன் சதி என்றார்கள் பம்பாய் ஆலைக்காரர்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, போட்டியைக் குறைக்க லங்காஷயர் விரும்பியது நிஜம். அதற்காக மூடாத இயந்திரம் பம்பாயில் மட்டும் கையைக் கடிக்காமல் விட்டதா?

இன்றைய எதிர்ப்பு இவ்வளவு வெளிப்படையாக வராது. ‘இன்ஸ்பெக்டர் ராஜ்’ ஒழிய வேண்டும், தொழில் செய்வது எளிதாக வேண்டும் என்று வரும். 2020-இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 20 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்கிறது; முன்பு 10 பேர் போதும். கடுங்காயத்துக்கான அபராதத்தை லட்சங்களாக உயர்த்தியதும் இதே சட்டம்தான், அது நல்லது. ஆனால் பழைய பிரஸ்கள் 10-க்கும் 20-க்கும் நடுவே ஆள் வைத்திருக்கும் பட்டறைகளிலும் ஓடுகின்றன.

இந்தச் சங்கிலியில் யாரும் விரல் நீட்டாத இடம் ஒன்று உண்டு. வாகன நிறுவனத்தின் தர ஆய்வாளர் சப்ளையர் பட்டறைக்கு வருகிறார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் லாட்டையே திருப்பி அனுப்புகிறார். டை எப்போது மாற்றப்பட்டது, தகடு எங்கே வாங்கியது, எல்லாவற்றுக்கும் பதிவேடு கேட்கிறார். அதே பிரஸ்ஸின் முன் நின்று ஜாபை மைக்ரோமீட்டரில் அளக்கிறவருக்கு, அரையடி தள்ளி டேப் ஒட்டிய பட்டன் தெரியாதா? சப்ளையரின் பட்டறை எங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் சொல்வது ஏற்கத்தக்கதல்ல. தனக்கு வேண்டியதை அந்தப் பட்டறைக்குள் சாதித்துக்கொள்ளும் அதிகாரம் அதற்கு இருக்கிறது, ஒவ்வொரு நாளும் அதைப் பயன்படுத்துகிறது.

ஆகவே பொறுப்பில் பெரும்பங்கு விலை வைப்பவருக்கே. கீ கிளட்ச் பிரஸ்ஸில் அடித்த பாகத்தை வாங்க மாட்டோம், மாறுவதற்கான செலவைப் பாகத்தின் விலையில் சேர்த்துத் தருகிறோம் என்று கொள்முதல் ஒப்பந்தத்திலேயே அவர்கள் எழுத வேண்டும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.