பாதயாத்திரையில் ஒரு படகு

ஆகஸ்டுத் திங்களின் பிற்பகுதியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் ஆவடி, அம்பத்தூர்ச் சாலைகளிலும் காவியுடை உடுத்தி, அன்னையின் சுரூபம் வைத்த சிறு தேரைத் தள்ளிக்கொண்டு தெற்கு நோக்கி நடக்கும் கூட்டங்களைக் காணாதார் இலர். ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேற்றத்திற்கோ செப்டம்பர் 8ஆம் நாள் பெருவிழாவிற்கோ வேளாங்கண்ணி சேர வேண்டும் என்பது அவர்தம் நேர்ச்சை. முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி அது. பெரும்பாலோர் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு விலகுவதில்லை. இளைஞர் சிலரோ வண்டிகளின் நெருக்கத்தை வெறுத்து, இயன்ற இடங்களில் கடலோரமாகவே செல்ல விழைகின்றனர். அவ்வாறு சென்று திரும்பிய நம் பங்கு இளைஞர் நம்மிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தனர்.

வழக்கு புதுச்சேரியை ஒட்டிய ஒரு நாள் பயணத்தைப் பற்றியது. அன்று காலை அவர்கள் பொம்மையார்பாளையத்திலிருந்து கோட்டக்குப்பம் நோக்கிக் கரையோரமாக நடந்தனர். நடந்தனர் என்பதைவிடத் தவழ்ந்தனர் என்பதே பொருந்தும். மணல் இருக்க வேண்டிய இடங்களில் கருங்கற்கள் குவிந்து கிடந்தன. ஒரு கல்லில் கை ஊன்றி, மறுகல்லில் கால் பதித்து, அலை பின்வாங்கும் வேளை பார்த்துத் தாவ வேண்டியிருந்தது. பிற்பகல் நகரைக் கடந்து சுண்ணாம்பாற்றை அடைந்தனர். அங்கே கடலூர்ச் சாலையில் பாலமும் உண்டு. அருகிலேயே படகுக் குழாமும் உண்டு. இருவர் அமர்ந்து துடுப்பிடும் கயாக் படகுகளில் ஏறி நால்வர் மறுகரை சேர்ந்தனர். ஐந்தாமவர் மறுத்துவிட்டுத் தனியே பாலத்தின்மேல் நடந்து சென்றார்.

"சாமி, நடந்தே வருவதாகத்தானே நேர்ந்துகொண்டோம்? படகில் போன தூரம் எப்படிக் கணக்கில் சேரும்?" என்றார் பாலத்தில் நடந்தவர். "கால் வலிக்க நடப்பதைவிடக் கை வலிக்கத் துடுப்புப் போட்டது பெரிய தவம் இல்லையா, சாமி?" என்றனர் மற்றவர்.

நகைத்துவிட்டு நகரக்கூடிய வழக்கன்று இது. இரு தரப்பாரும் எதிரெதிராக நின்றாலும் அவர்கள் கையிலிருந்த அளவுகோல் ஒன்றே. வலி எவ்வளவோ அவ்வளவே புண்ணியம் என்பது அந்த அளவுகோல். புனித தாமஸ் அக்குவினாஸ் இதனை ஏற்றுக்கொள்ளவில்லை. அறத்தின் சாரம் கடினத்தில் இல்லை, நன்மையில் இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. கடினமானது சிறந்ததாயின், அது கடினமாக இருப்பதால் சிறந்ததாவதில்லை. மேலான நன்மையை நாடுவதாலேயே சிறந்ததாகிறது. அன்பு முதிர்ந்த தாய்க்கு நோயுற்ற குழந்தையின் அருகே விழித்திருப்பது எளிதாகிவிடுகிறது. எளிதானதால் அவளது அன்பு குறைந்துபோயிற்று என்று எவரும் சொல்லார்.

திருச்சபைச் சட்டமும் இவ்வழியிலேயே நிற்கிறது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு, இயலக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்து இறைவனுக்கு மனமறிந்து, உரிமையோடு அளிக்கும் வாக்குறுதியே நேர்ச்சை என வரையறுக்கிறது. தாம் செய்த தனி நேர்ச்சையை அதற்கு இணையான அல்லது அதனினும் மேலான நன்மையாக ஒருவர் தாமே மாற்றிக்கொள்ளலாம். நேரிய காரணம் இருப்பின் பங்குத் தந்தையே அதிலிருந்து விலக்கும் அளிக்கலாம். சட்டத்தின் கண்ணில் கயாக்கும் பாலமும் பெரிய சிக்கலன்று.

ஆயினும் சட்டம் முடிக்கும் இடத்தில் மனச்சான்று தொடங்குகிறது. பாலத்தில் நடந்தவர் தம் காலாலேயே ஆற்றைக் கடந்ததாக எண்ணுகிறார். அப்பாலம் அசையாது நிற்கும் படகு என்பதை அவர் நினைத்தாரா? யாரோ நீரில் இறங்கித் தூண் நட்டனர். யாரோ வெயிலில் கம்பி கட்டினர். முன்பின் அறியாத அவர்களுடைய தோள்களின்மேல் அவர் நடந்து போனார். துடுப்பிட்டவர்க்கோ இவ்வுண்மை சற்று விரைவில் விளங்கியிருக்கக்கூடும். இருவர் படகில் பின்னிருப்பவர் முன்னிருப்பவரின் கைவீச்சைப் பார்த்துத் தம் துடுப்பை இட வேண்டும். தம் வலிமையைக் காட்ட முந்தினால் துடுப்புகள் மோதும், படகு வட்டமிடும். வல்லவர் மெலியவரின் வேகத்திற்குத் தம்மை ஒப்புக்கொடுத்தால்தான் கரை சேரலாம். "நானே வந்து சேர்ந்தேன்" என்று சொல்லும் உரிமை பாலத்தில் நடந்தவர்க்கும் இல்லை, படகேறியவர்க்கும் இல்லை.

'அப்படியாயின் பேருந்திலேயே போய்விடலாமே' என்று வாசகர் கேட்கலாம். போகலாம், பாவம் ஒன்றுமில்லை. ஆயினும் பேருந்து நாம் யாரால் சுமக்கப்படுகிறோம் என்பதை மறைத்துவிடுகிறது. நடை அதனை வெளிப்படுத்துகிறது. தண்ணீர்ப் பந்தலில் நீட்டப்படும் குவளை, கொப்புளத்திற்கு மருந்திடும் முகமறியாக் கை, இரவில் திண்ணையை ஒழித்துத் தரும் பிற சமயத்து இல்லத்தார் ஆகிய இவர்களைச் சந்திப்பதே நடையின் பயன். திருத்தூதர் பவுலும் துரோவாவிலிருந்து அசோசு வரை தம் தோழரைக் கப்பலில் அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் தரைவழியே சென்றார். அசோசில் அவர்களுடைய கப்பலிலேயே ஏறிக்கொண்டார். அவர் ஏன் நடந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறவில்லை. நடந்ததைப் பெருமையாகவோ ஏறியதைத் தோல்வியாகவோ அது எழுதவுமில்லை.

நடையைச் சாதனையாக்குவதில் இடரும் உண்டு. நம்மைச் சோதித்துப் பார்க்கும் ஆவலுக்கு ஆறு இரங்குவதில்லை. 2022 அக்டோபர்த் தொடக்கத்தில், பூண்டி மாதா பேராலயத்திற்குத் தூத்துக்குடிப் பகுதியிலிருந்து வந்திருந்தோருள் அறுவர் கொள்ளிடத்தில் குளிக்கையில் வெள்ளத்தில் மூழ்கி மாண்டனர். அவர்கள் சாதனை தேடியவர்கள் அல்லர். வழிப்போக்கர் எவரும் செய்வதையே செய்தனர். அதற்கே ஆறு அவ்வளவு விலை கேட்டதெனில், நீர் வற்றும் வேளையில் கடலை நோக்கி இழுக்கும் கழிமுகத்தை "நேர்ச்சைக்காக" நீந்திக் கடக்க எண்ணுவது பக்தியாகாது. அலகையின் சொற்கேட்டு ஆலய உச்சியிலிருந்து குதிக்க நம் ஆண்டவர் மறுத்ததை நாம் மறத்தலாகாது.

இனி அக்கருங்கற்களுக்கு வருவோம். அவை அங்கே தாமாக முளைக்கவில்லை. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்கென அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலின் வழி தடைபட்டது. வடபுறக் கரைகள் மணலிழந்தன. கடலரிப்பைத் தடுக்கக் கற்கள் கொட்டப்பட்டன. கல் கொட்டிய ஊருக்கு வடக்கே அரிப்பு அடுத்த ஊரைப் பற்றியது. படகை இழுத்து நிறுத்தவும் வலையைக் காய வைக்கவும் கரையற்றுப்போன மீனவர்க்கு அக்கற்களில் ஏறி இறங்குவது அன்றாடப் பாடு. நம் இளைஞர் ஒரு காலைப்பொழுதில் தேர்ந்துகொண்ட துன்பத்தை அவர்கள் தேராமலே ஆண்டுக்கணக்கில் சுமக்கின்றனர். அதற்கு நேர்ச்சை என்று பெயரில்லை, கொடியேற்றமும் இல்லை.

விரும்பி ஏற்கும் துன்பத்தின் மதிப்பை அளக்க வேறு அளவுகோல் வேண்டும் என்று நாம் கருதுவது இதனாலேயே. விரும்பாமல் துன்புறுவோரிடம் அது நம்மைக் கொண்டுசேர்க்கிறதா என்பதே அவ்வளவுகோல். எரிகோ சாலையில் விலகிச் சென்ற குருவும் லேவியரும் தம் பயணத்தைத் தடையின்றி முடித்திருப்பர். பயணம் தடைபட்ட சமாரியரையே ஆண்டவர் எடுத்துக்காட்டாகத் தந்தார்.

நம் இளைஞர்க்கு நாம் சொன்ன விடை இதுவே. ஐவரும் நேர்ச்சையை நிறைவேற்றினர். பாலத்தில் நடந்தவர் படகேறியவரைக் குறைவாக எண்ண வேண்டா. படகேறியவர் அவரை எள்ளவும் வேண்டா. ஆனால் ஐவர் பெயரிலும் ஒரு கடன் நிற்கிறது. கல்லின்மேல் கை ஊன்றித் தவழ்ந்தபோது, அருகே வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் "ஐயா, இங்கே மணல் எப்போது போயிற்று?" என்று அவர்களுள் எவரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நடக்கும்போது நின்று கேட்குமாறு சொன்னோம். அதனால் ஒரு நாள் தாமதமாகி, கொடியேற்றம் தவறினும் தவறட்டும்.