புழு இல்லாத தூண்டில்

"புழுவைக் குத்தலை, தவளையைக் குத்தலை. வெறும் தகடு. அப்போ பாவம் பாதிதானே வாத்தியாரே?" செஞ்சிக் கடைவீதியில் நண்பர் கேட்டார். அவர் மகன் புதுச்சேரியிலிருந்து படகில் போய், ஆழ்கடலில் ஸ்பூன் என்னும் தகட்டுத் தூண்டில் போட்டு வஞ்சிரம் பிடிப்பவன். நான் சமண நயினார் வீட்டுப் பிள்ளை. கொல்லாமையைக் கேட்டே வளர்ந்தவன். அதனால் கேள்வி என்னிடம் வந்தது. புழு மாட்டினால் இரண்டு உயிர், ஸ்பூனில் ஒன்று, கணக்கு சரிதான். ஆனால் பாவத்தை உயிர்க்கணக்கால் மட்டும் அளக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஸ்பூனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒருபுறம் குழிந்த, கனமான, பளபளக்கும் தகடு. வாலில் மும்முனை முள். அடியாழம் வரை இறக்கி, கம்பைச் சுண்டித் தூக்கி, பிறகு தளரவிட வேண்டுமாம். அடிபட்ட சிறுமீன்போல இருபுறமும் துடித்தபடி சரியும். பல மீன்கள் அந்தச் சரிவில்தான் பாயும். வெளிச்சம் குறைந்த ஆழத்திலும் அதன் அதிர்வை மீன் உடலால் உணர்ந்துவிடும். அமெரிக்காவில் ஜூலியோ பூயல் 1852இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தூண்டில் இரும்பை இரையென்று விழுங்கும் மீனையோ, திருக்குறளின் சூது அதிகாரம் முதல் குறளிலேயே காட்டிவிட்டது. அங்கே மீன்தான் சூதாடி. என் கேள்வி கம்பைப் பிடித்திருப்பவனைப் பற்றியது.

கோபம், மானம், மாயை, லோபம் என்று உயிரைப் பிணிக்கும் கஷாயங்கள் நான்கு என்கிறது சமணம். மாயை என்றால் இங்கே வஞ்சனை. அது விலங்குப் பிறப்பில் கொண்டுவிடும் என்கிறது தத்துவார்த்த சூத்திரம். ஏமாற்றியவன் ஏமாந்ததன் இடத்துக்கே போய்ச் சேருகிறான். சும்மா கிடக்கும் தகடு யாரையும் ஏமாற்றுவதில்லை. அதைத் துடிக்கவைக்கும் மணிக்கட்டில் இருக்கிறது மாயை.

புழு மாட்டுபவனும் ஏமாற்றத்தானே செய்கிறான்? ஆமாம். ஸ்பூன் ஒரு புழுவைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. பாவம் பாதி என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. விற்றுப் பிழைக்கும் அந்தப் பையனைவிட, பொழுதுபோக்குக்காக வாயைக் கிழித்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுபவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். கொல்லவில்லையே என்கிறார்கள். வஞ்சனை அப்படியே மிஞ்சி நிற்கிறதே!

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை அங்குள்ள பழைய கல்வெட்டு சொல்கிறது. எந்த இரையைக் காட்டி அவரை இழுக்க முடியும்? மீனுக்கு அந்த வழி இல்லை. பாய்வதா வேண்டாமா என்று அது நோன்பெடுத்து யோசிக்காது. மறுக்கத் தெரியாத ஓர் உயிரின் பசியை நம்பி அந்தத் தகடு இறக்கப்படுவதுதான் என்னை உறுத்துகிறது.

மகனின் தொழிலை விடச் சொல்லி நண்பரிடம் நான் கேட்கவில்லை. அவன் வீட்டு அடுப்புக்கு நான் விறகு தருபவன் அல்ல. விடுமுறை நாளில் பேரப்பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போய் விளையாட்டாக ஸ்பூன் வீசக் கற்றுக்கொடுக்கிறீர்களே, அதை மட்டும் நிறுத்துங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.