தேயும் முனை

தேனி நேரு சிலையை ஒட்டிய கடைவீதிகளில் பால் பாயிண்ட் பேனாவுக்கு ரீஃபில் கேட்டால் உடனே எடுத்து நீட்டுவார்கள். அதே கடையில் ஸ்கெட்ச் பேனாவுக்கோ, நார்முனை வைத்த சைன் பேனாவுக்கோ ரீஃபில் கேட்டுப் பாருங்கள். "அதுக்கெல்லாம் ரீஃபில் வராதுண்ணே, புதுசாவே எடுத்துக்கங்க" என்பார்கள். கம்பத்துக்குப் போனாலும் போடிக்குப் போனாலும் பதில் மாறாது. கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வராத சரக்கை அவர் எங்கிருந்து கொடுப்பார்?

அந்தப் பேனாவுக்குள் இருப்பது மிக எளிய அமைப்பு. ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் மையில் ஊறிய ஒரு பஞ்சுத்திரி, திரியின் நுனியில் செருகிய நார்முனை. மெல்லிய செயற்கை இழைகளைப் பிசினால் ஒட்டிச் செய்த முனை அது. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளி வழியே மை தானாக ஏறி வருகிறது. பெரும்பாலான ஸ்கெட்ச் பேனாக்களில் இருப்பது தண்ணீரில் கரைந்த சாயம். மூடியைச் சரியாக மூடாவிட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும். சாயம் திரியிலேயே தங்கியிருக்கும். எழுதவில்லை என்று குப்பையில் விழும் பல பேனாக்களில் நிறம் இன்னும் மிச்சமிருக்கிறது. ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் போதும், மறுபடி எழுதும். சார்ட் பேப்பரில் முல்லைப் பெரியாறு அணையை வரைந்து நீலம் தீர்ந்துபோன பிள்ளைகளுக்கு இது யாரும் சொல்லித் தராமலே தெரியும்.

இந்த நார்முனைப் பேனாவை உலகத்துக்குத் தந்தவர் ஜப்பானின் யூகியோ ஹோரியே. பின்னாளில் பென்டெல் என்று பெயர் பெற்ற அவருடைய நிறுவனம் 1963-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் கைக்குப் போன பிறகு இதன் புகழ் பரவியது. அமெரிக்காவின் ஜெமினி விண்வெளிப் பயணங்களிலும் இது இடம்பிடித்தது. ஜப்பானியத் தூரிகை எழுத்தின் குழைவைப் பேனாவுக்குக் கொண்டுவருவதே ஹோரியேயின் நோக்கம். ஆனால் தூரிகையில் மை தனி, கருவி தனி. கிண்ணத்தில் மை தீர்ந்தால் தூரிகையை யாரும் எறிவதில்லை. மதுரையில் இன்றும் எழுத்தாணிக்காரத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. ஓலையில் எழுத்தாணியால் கீறி, அதன் மேல் கரி தடவிய காலத்திலும் கரி தனி, ஆணி தனிதான். இரண்டையும் ஒரே குழாயில் அடைத்து, பின்மூடியை இறுக்கி, இனித் திறக்க வேண்டாம் என்று முடிவு செய்தது நம் காலம்.

கருவியும் மையும் தனித்தனியாக இருந்த காலத்துக்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. அண்டை மாவட்டமான விருதுநகரின் சாத்தூருக்குக் காராச்சேவு தவிர இன்னொரு பெருமையும் இருந்தது. மைப்பேனாவின் நிப்பு அங்கே குடிசைத் தொழிலாகச் செய்யப்பட்டு வெளியூர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போனது. நிப்பு வளைந்தால் வேறு நிப்பு. மை தீர்ந்தால் பெட்டிக்கடையில் சில காசுக்கு ஊற்றிக்கொள்ளலாம். ஒரு பேனா தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது அப்படித்தான். பால் பாயிண்ட் பரவியதும் அந்தப் பட்டறைகளின் சத்தம் அடங்கிப்போனது. இருந்தும் பால் பாயிண்டுக்கு ரீஃபிலாவது மிஞ்சியது. அதற்கு ஐஎஸ்ஓ 12757 என்று ஒரு சர்வதேச அளவுமுறையே உண்டு. ஒரே அளவில் பலர் செய்வதால் பட்டிதொட்டியெங்கும் கிடைக்கிறது. நார்முனைப் பேனாவிலோ கம்பெனிக்குக் கம்பெனி குழாயும் வேறு, திரியும் வேறு.

நார்முனைக்கு ரீஃபிலே உலகத்தில் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மான்ட்பிளாங்க், கிராஸ் போன்ற விலை உயர்ந்த பேனாக்களுக்கு அது உண்டு. முனையும் மையும் சேர்ந்து ஒரே துண்டாகக் கழன்று வரும். என்னை மிகவும் உறுத்துவது இதுதான். வேண்டும்போது புதுப் பேனா வாங்க வசதியுள்ளவர்களுக்கு ரீஃபில் இருக்கிறது. உத்தமபாளையத்தில் அரசுப் பள்ளி மாணவி வாங்கும் பத்து ரூபாய்ப் பேனாவுக்கு இல்லை. மாற்றிப் போட்டுச் சிக்கனம் பிடிக்க வேண்டிய கையில், எறிவதைத் தவிர வேறு வழியில்லாத பொருளைக் கொடுத்திருக்கிறோம்.

தேய்கிற பாகத்தை மட்டும் மாற்றுவது நம் கம்பம் பள்ளத்தாக்கின் உழவருக்குப் புரியாத நியாயமல்ல. மரக்கலப்பையில் மண்ணைத் தொடுவது கொழு. அதுதான் முதலில் தேயும் என்று தெரிந்துதான் அதை மட்டும் தனி இரும்பில் செய்தார்கள். தேய்ந்தால் கொல்லுப்பட்டறைக்குப் போவது கொழுதான், கலப்பை அல்ல. டிராக்டர் வந்த பிறகும் அந்த அறிவு போகவில்லை. கல்டிவேட்டரின் கொழு போல்ட்டில் நிற்கிறது. ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பி மாட்டி மறுபக்கத்தில் உழலாம். மார்க்கர் பேனாக்கள் சிலவற்றிலும் முனையைச் சிறு இடுக்கியால் உருவித் திருப்பிச் செருகலாம்.

ஆக, ஒரு பொருள் எத்தனை நாள் நம்மோடு இருக்கும் என்பதை அதன் உறுதி மட்டும் தீர்மானிப்பதில்லை. தேய்கிற பாகம் எது என்று செய்தவர் ஒப்புக்கொண்டிருக்கிறாரா, அந்தப் பாகத்தை நாம் நடந்து போகும் தூரத்தில் யாராவது விற்கிறார்களா, இவ்விரண்டும்தான் தீர்மானிக்கின்றன. ரீஃபில் என்பது விற்ற பிறகும் உங்களோடு இருக்கிறேன் என்று செய்தவர் தரும் வாக்கு. அந்த வாக்கு இல்லாத பொருளை நாம் சொந்தமாக்கிக் கொள்வதில்லை. கொஞ்ச நாள் வைத்திருந்து குப்பைமேட்டுக்கு அனுப்பிவைக்கிறோம்.

கைவசம் இருப்பதைக் காப்பாற்ற இப்போதைக்குச் சில வழிகள் உண்டு. தண்ணீர்ச் சாய ஸ்கெட்ச் பேனாவின் பின்மூடி கழன்றால், ஊசியில்லாத சிரிஞ்சால் மைப்பேனா இங்க் சில சொட்டு விடலாம். கெட்டியான இந்தியன் இங்க் வேண்டாம், நாரை அடைத்துவிடும். பெர்மனன்ட் மார்க்கருக்குத் தண்ணீர் உதவாது, அதன் மை சாராயக் கரைப்பானில் ஆனது. அதற்கும் வெள்ளைப் பலகை மார்க்கருக்கும் தனித்தனி மை சிறு பாட்டில்களில் வருகிறது. பள்ளிக்கு மொத்தமாக வாங்கும் தலைமை ஆசிரியர்கள், பேனாவோடு மையையும் சேர்த்துக் கேட்டு வாங்கினால் நல்லது.

நீங்களும் அடுத்த முறை கடைக்குப் போகும்போது ரீஃபில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று தெரிந்தே கேளுங்கள். மதுரைக்குச் சரக்கெடுக்கக் கிளம்பும் கடைக்காரர் பட்டியலில் எழுதிக்கொள்வது, நாலு பேர் வந்து கேட்டுவிட்டுப் போன பொருளைத்தான்.