கடன் வாங்கிக் கழித்தல்

42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதும். கவனம் போதாது என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுக்கலாம். சற்று நின்று பார்த்தால், 2இல் 7 போகாது என்பதால் பிள்ளை 7இலிருந்து 2ஐக் கழித்திருப்பது தெரியும். பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்கணும் என்று போன வருஷம் சொல்லிக் கொடுத்தது நாம்தானே? நம் பேச்சைக் கேட்டதால் வந்த தப்பு அது.

வாத்தியார் வேலையில் ருசி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். பிள்ளைகள் மேல் பாசம் வேண்டும் என்பார்கள். வேண்டியதுதான். ஆனால் மத்தியான வெயிலில், நாற்பது பேர் சத்தத்தில், பாசம் சீக்கிரம் வற்றிவிடும். இந்தப் பிள்ளை ஏன் இப்படிப் போட்டது என்று அறியும் ஆசை அவ்வளவு எளிதில் வற்றுவதில்லை.

*

மரக்காணம் ஒன்றியத்துக் கூனிமேட்டில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வணிகச் சாவடி வைத்திருந்தது. அந்தக் காலத்து ஆங்கிலக் கடிதங்களில் இந்த ஊர் ‘கோனிமீர்’. துணிக்காக வந்தவர்கள், தேவனாம்பட்டினத்தில் கோட்டை கிடைத்த பிறகு மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே போய்விட்டார்கள்.

சுமார் நூறு வருஷம் கழித்து, அதே கம்பெனியின் பாதிரியார் ஒருவர் சென்னையிலிருந்து வேறொரு சரக்கை ஏற்றிப் போனார். எழும்பூர் அநாதைப் பள்ளியின் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துவிட்டு, தன் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். அவர் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சம்பளம் வாங்கியவர்கள் முடியாது என்றதை அந்தச் சிப்பாய் மகன் செய்து காட்டினான். பெல் 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட, ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணைகளில் சட்டாம்பிள்ளை காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான் அது.

ஃப்ரிஸ்கென் ஏன் நன்றாகச் சொல்லிக் கொடுத்தான்? எனக்குத் தோன்றுவது இது: அவனே நேற்றுதான் அந்த எழுத்தில் தடுக்கி விழுந்திருப்பான். எங்கே வழுக்கும் என்று அவன் விரலுக்குத் தெரியும். நாமோ அந்த வழுக்கலை மறந்து முப்பது வருஷம் ஆனவர்கள்.

*

2021 அக்டோபர் 27. இதே மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் எழுத்துகள் பிள்ளைகளிடமிருந்து உதிர்ந்திருந்தன. தெருவில், கோயில் திண்ணையில், வீட்டு வாசலில் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் சொல்லிக் கொடுக்கத் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். படித்துவிட்டு, கல்யாணமாகி, வேலை கிடைக்காமல் வீட்டோடு இருந்தவர்கள் அவர்களில் பலர்.

தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். ஊக்கத்தொகை என்று பெயர்.

சென்னை மாகாணப் பள்ளிகளைக் கணக்கெடுத்த கவர்னர் தாமஸ் மன்றோ, வாத்தியார்கள் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை, அந்தத் தொகைக்குத் தகுதியானவர்கள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள் என்று 1826இலேயே எழுதி வைத்தார். இருநூறு வருஷமாக இந்தக் குறிப்பை யாரும் சரியாகப் படித்ததாகத் தெரியவில்லை. அர்ப்பணிப்பு என்று புகழ ஆரம்பித்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்; பின்னாலேயே சம்பளப் பேச்சு அடங்கிவிடும்.

*

மனசுக்குப் பிடித்த வேலையைத் தேடிக்கொள் என்று பட்டமளிப்பு மேடைகளில் சொல்கிறார்கள். மரக்காணம் உப்பளத்தில் விடியுமுன் இறங்கி, வெயில் ஏறும்வரை பாத்தியில் உப்பு வாரும் பெண்ணிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. அவளுக்கு வேலை பிடிக்கிறதா என்பது கேள்வியே இல்லை. ஐப்பசி மழை இறங்கினால் வேலையே இல்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம் கரையேறியது. அப்படிப்பட்ட வருஷத்தில் பாத்தியை மறுபடி செப்பனிட்டு முதல் உப்பைப் பார்ப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதுவரை முன்பணம், கைமாற்று, நகைக்கடன்.

அந்த வீட்டுப் பிள்ளைதான் சாயங்கால வகுப்பில் வந்து உட்காருகிறது.

*

அப்படியொரு வகுப்பில், பத்தாம் இடத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார் தன்னார்வலர். ஒரு பெண்பிள்ளை கை தூக்கியது.

“அக்கா, வாங்குன கடன எப்போ திருப்பிக் குடுக்கணும்?”

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. அவர் முகத்தைத்தான் நான் பார்த்தேன். தினமும் வாயில் வந்த சொல்லை முதன்முதலாகக் காதில் வாங்கியவர் போல உட்கார்ந்திருந்தார். இந்தக் கணக்கில் திருப்பித் தருவதே இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கித் தராமலே போவதை அந்தப் பிள்ளை எப்படி ஒப்புக்கொள்ளும்?

மறுநாள் நான்கு பத்து ரூபாய்த் தாளும் கொஞ்சம் ஒரு ரூபாய்க் காசும் கொண்டுவந்தார். “இங்க 42 ரூபா இருக்கு. எனக்கு 17 குடு.” பிள்ளை ஒரு தாளை எடுத்து நீட்டியது. இன்னும் ஏழு வேண்டும், கையில் காசு இரண்டுதான். தானாகவே இன்னொரு தாளை அக்காவிடம் கொடுத்துப் பத்துக் காசாக மாற்றிக்கொண்டது. கடனும் இல்லை, வட்டியும் இல்லை, சில்லறை மாற்றியதோடு சரி. மிச்சம் 25. அதற்குப்பின் 35 எழுதியவர்களையெல்லாம் அந்தப் பெண்ணே பிடித்து உட்கார வைத்துக் காசை எண்ணச் சொன்னது. எழும்பூரில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

தன்னார்வலருக்கு இந்த வேலையில் முன்பே ஆசை இருந்ததா என்று கேட்டேன். “பி.எட். போட்டதே வீட்ல சொன்னாங்கன்னுதான் சார்” என்றார்.

அவருடைய இப்போதைய கவலை வேறு: 500இலிருந்து 178ஐக் கழிக்கணும். இரண்டு பூஜ்யம். ஐந்து நூறு ரூபாய்த் தாளில் ஒன்றைப் பத்துத் தாளாக்கி, அதில் ஒன்றை மறுபடி காசாக்க வேண்டும். அவ்வளவு சில்லறைக்கு எங்கே போவது, காகிதத்தில் வெட்டிவிடலாமா என்று பஸ் வரும்வரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.