நடுவில் நிற்கும் முள்

நண்பர் ஒருவர் அப்பாவின் பழைய அம்பாசடரை விற்க மனசில்லாமல், ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, அதில் புது ரக என்ஜின் ஒன்றைப் பொருத்தினார். வண்டி ஜோராக ஓடியது. டாஷ்போர்டில் மட்டும் முட்கள் எல்லாம் செத்துக் கிடந்தன.

பழைய மீட்டருக்கும் புது என்ஜினுக்கும் பாஷை வேறு. பழைய ஸ்பீடாமீட்டர், கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் சுழல்வதை வைத்து வேகம் காட்டும். புதியதில் கேபிளே கிடையாது, மின்துடிப்புதான். அந்தத் துடிப்பை வாங்கிக் கேபிளைச் சுற்றிவிட ஒரு சின்ன மோட்டார் போட்டார்கள். சரியாகிவிட்டது.

டெம்பரேச்சர் மீட்டர்தான் வம்பு. புது என்ஜினின் சென்ஸார் தன் கம்ப்யூட்டரிடம் மட்டுமே பேசும். அதே ஒயரில் பழைய மீட்டரையும் கட்டினால் இரண்டுமே தப்பாகப் படிக்கும்.

மெக்கானிக் சுலபமாக ஒரு வழி சொன்னார். "ஒரு ரெஸிஸ்டர் போட்டுடறேன் சார். சாவியைத் திருப்பினா முள் நடுவுல வந்து நின்னுடும். டென்ஷன் இல்லாம ஓட்டலாம்."

"போட்டுடலாமா?" என்று நண்பர் என்னைக் கேட்டார். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

செத்த முள்ளே தேவலை என்றேன். அது 'எனக்குத் தெரியாது' என்றாவது சொல்கிறது. நாமே வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்ப்போம். அந்தப் பொய் முள்ளோ ரேடியேட்டர் வற்றி, ஹெட் கேஸ்கெட் போகிறவரை 'சௌக்கியம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னொரு விஷயம். இன்றைய பல கார்களில் கம்பெனிக்காரர்களே முள்ளை அடக்கித்தான் வைக்கிறார்கள். ஏறக்குறைய 80 டிகிரியிலிருந்து 100 வரை அது நடுவிலேயே நிற்கும். சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் நாம் பதறக் கூடாதே! ஆனால், எல்லை மீறினால் முள் எகிறிவிடும். சின்ன அசைவை மறைப்பது கருணை. ஆபத்தை மறைப்பது அப்படியல்ல.

ஊரிலிருக்கும் அம்மாவுக்கு ஞாயிறுதோறும் போன் செய்கிறோம். "நல்லா இருக்கேன்ப்பா." முள் நடுவில். முழங்கால் வலியை மறைத்தால் அது பாசம். என் அம்மா மறைத்தது நெஞ்சுவலியை. ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் எனக்குத் தெரிந்தது. "ஏம்மா சொல்லலை?" என்றேன். "உனக்கே ஆபீஸ்ல ஆயிரம் டென்ஷன்" என்றாள்.

கோபம் வந்தது. யோசித்ததும் அடங்கிவிட்டது. "வயசானா அப்படித்தாம்மா, மாத்திரை போட்டுக்கோ" என்று எத்தனை ஞாயிறு அவசரமாகப் போனை வைத்திருக்கிறேன்! அந்த ரெஸிஸ்டரைப் போட்டவன் நான்தான்.

நண்பரின் காரில் கடைசியில் பழைய மீட்டருக்குரிய சென்ஸாரையே அடாப்டர் வைத்து, புது என்ஜினில் தனியாகப் பொருத்தினார்கள். அதற்குமுன் அதைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்து, முள் 100 டிகிரிக்கு எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். இப்போது அண்ணா சாலை சிக்னலில் நின்றால் முள் மெல்ல ஏறுகிறது. நண்பருக்குக் கொஞ்சம் டென்ஷன்தான். இருக்கட்டும்.

இந்த ஞாயிறு அம்மா "நல்லா இருக்கேன்" என்றதும் போனை வைத்துவிடாதீர்கள். இன்னொரு தரம் கேளுங்கள்.